கால் எரித்த மோகினியும் காலியான இரண்டாம் ஆட்டமும்

அடுப்பில் வைக்க விறகு இல்லை. பேய் தன் காலையே அடுப்புக்குள் நீட்டி, தீ மூட்டிச் சமைத்தது. ‘ஜெகன்மோகினி’ பார்த்த யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். கதை மறந்திருக்கும், கதாநாயகன் நரசிம்மராஜு என்பது மறந்திருக்கும், அந்த அடுப்பு மட்டும் மறந்திருக்காது. 1978-ல் பி. விட்டலாச்சார்யா தெலுங்கில் எடுத்த படம் அது. தமிழ் பேசிக்கொண்டு பழனி மலை அடிவாரத்துக்கு வந்தபோது அதன் பெட்டியோடு போனவர்களில் நானும் ஒருவன்.

அப்போது மதுரையில் ஒரு விநியோகக் கம்பெனியில் நான் ரெப். ரெப்ரசென்டேட்டிவ் என்று முழுதாகச் சொல்ல யாருக்கும் பொழுதில்லை. படப்பெட்டியைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போக வேண்டும். கொட்டகை வாசலில் உட்கார்ந்து கிழித்த டிக்கெட்டை எண்ண வேண்டும். ராத்திரியே வசூல் சீட்டு எழுதி, முதலாளியிடம் கையெழுத்தும் கம்பெனியின் பங்கும் வாங்கிக்கொண்டு, விடிந்ததும் பெட்டியை அடுத்த ஊருக்குக் கிளப்ப வேண்டும். தமிழ்நாட்டை ஏரியா ஏரியாவாகப் பிரித்து வைத்திருப்பது சினிமா வியாபாரத்தின் வழக்கம். எங்களுடையது மதுரை–ராமநாதபுரம், அதாவது எம்.ஆர். ஏரியா. கொடைக்கானலும் அதன் அடிவாரமும் அன்று மதுரை மாவட்டம்தான். திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985-ல். வத்தலக்குண்டு, அய்யம்பாளையம், சித்தையன்கோட்டை, தேவதானப்பட்டி, பெரியகுளம் என்று மலையின் காலடியைச் சுற்றிக்கொண்டு போகும் லைன் எனக்கு வந்தது.

ஜனங்கள் பேய்ப்படத்தை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று தெரிந்துகொள்ள விமர்சனங்களைப் புரட்டிப் பிரயோசனம் இல்லை. அந்தப் படங்களைப் பத்திரிகைகள் பெரிதாகக் கண்டுகொண்டதில்லை. எழுதினாலும் நாலு வரி கிண்டல். வசூல் சீட்டுதான் உண்மை பேசும். எம்.ஜி.ஆர். படம் என்றால் முதல் ஆட்டத்துக்கு வந்தவனே வெளியே போய் டீ குடித்துவிட்டு இரண்டாம் ஆட்டத்துக்கும் டிக்கெட் எடுப்பான். சிவாஜியின் குடும்பப் படம் என்றால் இரண்டு ஆட்டமும் பெண்கள் பக்கம் நிரம்பும். பேய்ப்படத்தின் கணக்கு வேறு. முதல் ஆட்டத்தில் தரை டிக்கெட் தீர்ந்து, பெஞ்சு தீர்ந்து, ஓரத்துத் தட்டியை ஒட்டி நிற்பார்கள். இரண்டாம் ஆட்டத்தில் ஈ ஓட்ட வேண்டியதுதான். வேறு எந்த ரகப் படத்துக்கும் இப்படி ஒரு சரிவை நான் பார்த்ததில்லை. படம் பிடிக்காமல் போனவர்கள் அல்ல அவர்கள். ராத்திரி ஒன்றரை மணிக்கு மேல் வீட்டுக்கு நடக்க வேண்டுமே, அதுதான் விஷயம்.

விட்டலாச்சார்யாவுக்கு இந்தக் கூட்டத்தைத் தெரியும். உடுப்பிப் பக்கத்தில் 1920-ல் பிறந்தவர். அரசிக்கெரேயில் ஓட்டல் நடத்தியிருக்கிறார், 1942 போராட்டத்தில் சிறைக்குப் போயிருக்கிறார், அதன்பின் நண்பர்களோடு சேர்ந்து டூரிங் டாக்கீஸ் நடத்தியிருக்கிறார். படம் எடுக்க வந்தது அதற்கப்புறம்தான். முதலில் கன்னடம், பிறகு சென்னைக்கு வந்து தெலுங்கு. மணல் தரையில் உட்கார்ந்து பார்க்கிறவனுக்கு எந்த இடத்தில் கொட்டாவி வரும், எந்த இடத்தில் பக்கத்திலிருப்பவன் துண்டைப் பிடித்து இழுப்பான் என்பதைக் கொட்டகைக்காரனாகவே பார்த்துத் தெரிந்துகொண்டவர். செலவு விஷயத்தில் மகா கெட்டி. சம்பளம் கூடக் கேட்ட நடிகரின் பாத்திரத்தை மந்திரவாதி சாபத்தால் கிளியாக்கி, மிச்சப் படத்தைக் கிளியை வைத்தே முடித்துவிடுவார் என்று ஒரு கதை சினிமா வட்டாரத்தில் உலவும். நடந்ததோ இல்லையோ, அவர் படங்களைப் பார்த்தால் நடந்திருக்கும் என்றுதான் தோன்றும். ஒரே அரண்மனை செட் படத்துக்குப் படம் வண்ணம் மாறி வரும். எலும்புக்கூடு ஆடும். கை நீண்டுகொண்டே போய் எட்டாத பொருளை எடுக்கும். எல்லாம் கேமராவை நிறுத்தி ஓட்டுகிற பழைய தந்திரம், கறுப்புத் துணி, கொஞ்சம் புகை. தமிழ்நாட்டில் அவர் முகம் தெரிந்தவர்கள் குறைவு. ஆனால் சுவரொட்டியில் அவர் பெயர்தான் நட்சத்திரம். அதை ஒட்டினால் போதும், மோகினியாக வந்த ஜெயமாலினியின் படம்கூடத் தேவையில்லை. போட்டால் இன்னும் நல்லது, அவ்வளவுதான்.

கொட்டகையைப் பார்க்காத தலைமுறைக்கு ஒன்று சொல்ல வேண்டும். கீற்றுக் கூரை, பக்கவாட்டில் தட்டி, கீழே மணல். ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவில் இடுப்பளவு தடுப்பு. பொழுது சாய்ந்தால்தான் திரையில் உருவம் தெரியும் என்பதால் பகல் ஆட்டம் கிடையாது. சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு ஒலிபெருக்கியில் கேட்டால் டிக்கெட் கொடுக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். மருதாநதிப் பக்கம் வயலில் நிற்பவர்களும் அதைக் கேட்டுத்தான் கை கால் கழுவுவார்கள். லைசென்ஸ் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும். முடிந்தால் பிரித்துப் போட்டுவிட்டு மறுபடி மனுக் கொடுக்க வேண்டும். 1905-ல் திருச்சியில் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் புரொஜெக்டரும் படங்களும் வாங்கி ஊர் ஊராகக் கூடாரம் போட்ட சாமிக்கண்ணு வின்சென்ட் காலத்திலிருந்து அடிப்படை ஏற்பாடு பெரிதாக மாறவில்லை. பேச்சு வந்தது, வண்ணம் வந்தது, மணல் அப்படியே இருந்தது.

பேய்ப்படத்துக்குக் கொட்டகை செய்த உதவி பெரிது. முதலாவது, ஒரே புரொஜெக்டர். டவுன் தியேட்டரில் இரண்டு இருக்கும், ஒரு ரீல் முடியும்போது மற்றது தொடங்கிவிடும். கொட்டகையில் ரீல் முடிந்தால் படம் நிற்கும். ஆபரேட்டர் சூடான ரீலைக் கழற்றி, அடுத்ததை மாட்டி, பல்சக்கரத்தில் கோத்து, எரிந்து குட்டையான கார்பன் குச்சியைத் தள்ளிச் சரிசெய்யும்வரை விளக்கைப் போடுவதும் போடாததும் முதலாளி மனசு. மற்றப் படங்களுக்குப் போட்டுவிடுவார், முறுக்கும் சோடாவும் விற்க வேண்டுமே. அய்யம்பாளையம் பக்கம் ஒரு முதலாளி பேய்ப்படத்துக்கு மட்டும் கொஞ்சம் தாமதிப்பார். மோகினி கதவைத் தட்டுகிற இடத்தில் ரீல் முடிந்தால் கொட்டகை முழுக்க இருட்டு. குழந்தைகள் அழும். “யோவ், லைட்டைப் போடுய்யா!” என்று தரையிலிருந்து ஒருவர் கத்துவார். பெண்கள் பக்கத்திலிருந்து யாராவது, “ஏன், மாமனுக்குப் பயமாக்கும்?” என்று கேட்கக் கொட்டகை அதிரும். விட்டலாச்சார்யா எடுக்காத காட்சி அது. காசும் செலவில்லை.

இரண்டாவது, பிரிண்ட். எங்கள் லைனுக்கு வரும்போது அது பல ஊர் பார்த்துக் களைத்திருக்கும். திரையில் மழை பெய்யும், அதாவது மேலிருந்து கீழாகக் கோடு விழுந்துகொண்டே இருக்கும். ஃபிலிம் அறுந்த இடங்களையெல்லாம் ஆபரேட்டர்கள் வெட்டி, சுரண்டி, சிமென்ட் தடவி ஒட்டியிருப்பார்கள். ஒவ்வொரு ஒட்டிலும் சில ஃபிரேம் போய்விடும். குடும்பப் படத்தில் அதனால் வசனம் தாவும், ஜனங்கள் திட்டுவார்கள். பேய்ப்படத்தில் வாசலில் நின்ற பேய் சட்டென்று தூணருகில் நிற்கும். ஒரு பிரிண்டில் மோகினி திரும்பிப் பார்க்கும் இடத்தில் இப்படி ஒரு ஒட்டு இருந்தது. நல்ல பிரிண்டில் அவள் மெதுவாகத்தான் திரும்புவாள்; எங்கள் பிரிண்டில் வெட்டென்று திரும்பினாள். புது பிரிண்ட் ஓடிய டவுனில் அந்த இடத்தில் சத்தமே இல்லை. எங்கள் கொட்டகையில் ஒவ்வொரு ராத்திரியும் அலறல்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பேய்ப்படம் பார்த்த ஜனங்கள் ஏமாளிகள் அல்ல. எலும்புக்கூட்டைக் கயிறு கட்டி ஆட்டுகிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். கயிறு தெரிந்தால் காட்டிச் சிரிப்பார்கள். கால் அடுப்பில் எரிந்தபோது எழுந்தது பயச் சத்தம் இல்லை, சிரிப்பு. “நமக்கும் இப்படி ஒரு மருமக வாய்ச்சா விறகுச் செலவு மிச்சம்” என்று ஒரு பாட்டி சொன்னது காதில் விழுந்திருக்கிறது. அம்மன் வரும் காட்சியில் மட்டும் சிரிப்பு நிற்கும். செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிடுவார்கள். இரண்டொரு பெண்களுக்கு அருள் வரும். அதை எதிர்பார்த்தே முதலாளி வேப்பிலையும் ஒரு குடம் தண்ணீரும் வைத்திருப்பார்.

பயம் கொட்டகைக்கு வெளியே காத்திருந்தது. அய்யம்பாளையத்திலிருந்து மேற்கே பெரும்பாறை, தாண்டிக்குடி என்று மலை ஏறும். காப்பி, மிளகு, மலை வாழை, ஆரஞ்சுத் தோட்டங்கள். தோட்டத்து வேலைக்காரர்கள் சாமான் வாங்க இறங்கி வரும்போது படத்தையும் பார்த்துவிட்டுத்தான் ஏறுவார்கள். கடைசி பஸ் முதல் ஆட்டம் முடிவதற்கு முன்பே போயிருக்கும். அந்த மலையில் நிஜமாகப் பயப்பட வேண்டியது யானைக்கும் காட்டுமாட்டுக்கும். காட்டுமாடு குத்திய ஆளை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதற்கெல்லாம் தீப்பந்தத்தைக் கொளுத்திக்கொண்டு பேச்சும் பாட்டுமாக ஏறிவிடுகிறவர்கள், ஜெகன்மோகினி பார்த்த ராத்திரி மட்டும் மலையடிவாரத்துப் புளியமரத்தைத் தாண்ட மாட்டேன் என்பார்கள். கொட்டகையில் சிரித்த அதே ஆட்கள்.

என்ன செய்வார்கள்? கொட்டகை மணலிலேயே படுத்துக்கொள்வார்கள். முதலாளிக்கு முதலில் இது பிடிக்கவில்லை. ஒரு டிக்கெட்டில் ராத்தங்கலா என்று முணுமுணுத்தார். பிறகு இரண்டாம் ஆட்டத்துக்கும் டிக்கெட் எடுத்தவர்கள் மட்டும் தங்கலாம் என்று சொல்லிவிட்டார். அதனால் எங்கள் இரண்டாம் ஆட்டத்தின் வசூல் கொஞ்சம் நிமிர்ந்தது. அந்தச் சீட்டைக் காட்டியபோது மதுரை ஆபீஸில் நம்பவில்லை. மற்ற ஊர்களில் விழுந்த ஆட்டம் இங்கே எப்படி நிற்கிறது, கணக்கில் ஏதும் விளையாட்டா என்று என்னைக் குடைந்தார்கள். துண்டை விரித்து மணலில் வரிசையாகப் படுத்தபடி, ஏற்கெனவே பார்த்த படத்தை அரைக்கண்ணில் மறுபடி பார்த்துக்கொண்டிருந்தவர்களை எந்தப் பாரத்தில் எழுதிக் காட்டுவது?

எல்லாப் பேய்ப்படமும் இந்த வேலையைச் செய்யவில்லை. 1966-ல் வந்த ‘யார் நீ?’ மாதிரிப் படங்கள் பழைய பிரிண்டாக எங்கள் லைனில் சுற்றின. ஜெயலலிதா வெள்ளைப் புடவையில் பாடிக்கொண்டு போவார், மயிர்க்கால் நிற்கும். கடைசியில் பேயும் இல்லை பிசாசும் இல்லை, எல்லாம் ஆள் செய்த சூழ்ச்சி என்று முடிப்பார்கள். படித்தவர்களுக்கு அது பிடித்தது. எங்கள் தரை டிக்கெட்டுக்குப் பிடிக்கவில்லை. “பேய்னு சொல்லித்தானய்யா காசு வாங்குனீங்க?” என்று ஒருவர் என்னிடமே சண்டைக்கு வந்தார். ஆனால் அந்தப் படத்துக்கு இரண்டாம் ஆட்டம் நன்றாகவே நின்றது, அதையும் சொல்லிவிட வேண்டும். பேய் இல்லை என்று திரையே சொல்லிவிட்டதால் வழியில் புளியமரம் வெறும் புளியமரமாகிவிட்டது.

‘ஜெகன்மோகினி’ வந்த அதே 1978-ல் துரை இயக்கிய ‘ஆயிரம் ஜென்மங்கள்’ வந்தது. நடிகை ஷீலா மலையாளத்தில் இயக்கிய ‘யக்ஷகானம்’ படத்தின் தமிழ் வடிவம். லதாவின் உடம்பில் ஆவி புகும், அண்ணன் ரஜினிகாந்த் அதைக் கண்டுபிடிப்பார். தந்திரக் காட்சிகள் சொற்பம், முக்கால்வாசி நடிப்பிலேயே ஓட்டியிருந்தார்கள். பெண்கள் பக்கத்தில் அதற்கு வேறு மாதிரி வரவேற்பு. புருஷனுக்குத் தெரியாமல் மனைவிக்குள் இன்னொருத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்ற கதையை அவர்கள் சிரிக்காமல், ஒரு வார்த்தை விடாமல் பார்த்தார்கள். 1985-ல் கலைப்புலி கம்பெனியின் ‘யார்?’. சக்தி–கண்ணன் இயக்கம், அர்ஜுன், நளினி. சாத்தானின் பிள்ளை பிறக்கும் கதை, ‘ஓமன்’ என்ற ஆங்கிலப் படத்தின் பாதிப்பு. டவுனில் நன்றாக ஓடியது. மலையடிவாரத்தில் கொஞ்சம் தடுமாறியது. முனி தெரியும், மோகினி தெரியும், கொள்ளிவாய்ப் பிசாசு தெரியும். கிரகச் சேர்க்கையில் பிறந்து உலகத்தை ஆளப்போகும் பிசாசு எந்த மரத்தில் இருக்கும் என்று அவர்களுக்குப் பிடிபடவில்லை. வீட்டுக்குப் போகிற வழியில் இல்லாத பேய்க்கு எங்கள் லைனில் மார்க்கெட் குறைவு.

மேலே கொடைக்கானலில் பேய்க்குப் பஞ்சமா என்று கேட்பீர்கள். 1845-ல் அமெரிக்க மிஷனரிகள் முதல் வீடுகளைக் கட்டியதிலிருந்து அங்கே கல் பங்களாக்களும் புகைபோக்கிகளும் சைப்ரஸ் மரங்களும் கல்லறைகளும் சேர்ந்துகொண்டே போயின. சீசன் முடிந்தால் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும். பங்களாக் காவல்காரர்களிடம் ஒரு துரைசாணி கதை கட்டாயம் இருக்கும். வெள்ளைக் கவுன் போட்டு மாடிப்படியில் இறங்குவாள். டிப்ஸ் கொடுக்கிற விருந்தாளி வந்தால் அவள் நடமாட்டம் அதிகமாகும் என்பது என் அனுபவம். அப்படியிருந்தும் அந்தக் காலத்தில் எங்கள் லைனில் ஓடிய சின்ன பட்ஜெட் பேய்ப்படங்களில் கொடைக்கானல் பங்களாவைப் பார்த்ததாக நினைவில்லை. படக் கம்பெனிகள் மலைக்கு வந்ததெல்லாம் ஏரிக்கரையில் பாட்டு எடுக்கத்தான். காரணத்தை ஒரு தயாரிப்பு நிர்வாகி எனக்குச் சொன்னார். மூடுபனியிடம் கால்ஷீட் வாங்க முடியாது. வந்தால் கேமராவுக்கு எதிரே ஆளே தெரியாது, வேண்டும் என்று காத்திருந்தால் நாள் முழுக்க வெயில் அடிக்கும். ஐம்பது பேருக்கு ரூம் போட்டுச் சோறு போட்டு பனிக்குக் காத்திருக்கக் கோடீஸ்வரனால்தான் முடியும். கோடம்பாக்கத்தில் சாம்பிராணியைக் கொளுத்தினால் கேட்ட நேரத்துக்கு வரும், நிறுத்தினால் நிற்கும்.

கொட்டகையின் கதை முடிந்ததும் அந்த மலையால்தான். எண்பதுகளில் கொடைக்கானல் உச்சியில் தூர்தர்ஷனின் ஒளிபரப்புக் கோபுரம் எழுந்தது. அதுவரை இலங்கையின் ரூபவாஹினியைப் பிடிக்க மூங்கிலில் ஆன்டெனா கட்டித் திருப்பிக்கொண்டிருந்த தென் மாவட்டங்களுக்குத் தெளிவான படம் கிடைத்தது. வெள்ளிக்கிழமை பாட்டு, ஞாயிற்றுக்கிழமை சினிமா. இரண்டு நாளும் எங்கள் வசூல் சீட்டில் முகம் பார்க்கலாம், அவ்வளவு காலி. கூடவே வீடியோ டெக். கலர் டி.வி.யும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, ஊர்ச் சாவடியில் வைத்து விடிய விடிய நாலு படம் ஓட்டுவார்கள். அதில் ஒன்று கட்டாயம் ‘ஈவில் டெட்’. சாம் ரெய்மி என்ற இருபது வயதுப் பையன் டென்னசி காட்டில் ஒரு மரவீட்டை வைத்து, நாலு லட்சம் டாலருக்கும் குறைவான செலவில் எடுத்த படம். 1981-ல் அங்கே வெளிவந்தது. ஒரு வரி வசனம் புரியாமல் அதைப் பார்த்தவர்கள் எங்கள் மலையில் ஏராளம். மன்னவனூர்ப் பக்கம் ஒருவர் முழுப் படத்தையும் பார்த்துவிட்டு, “இது நம்ம ஃபாரஸ்ட் கெஸ்ட் ஹவுஸ்தாண்ணே” என்று சத்தியம் செய்தார். விமர்சகர்கள் யாரும் அந்தப் படத்துக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கொடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் டெக்கில் பார்ப்பதில் ஒரு வசதி: சாவடியிலிருந்து வீடு நாலே எட்டு. நடு ராத்திரி நடை போய்விட்டது. நடை போனபின் நான் பார்த்த மாதிரியான பயத்தை மறுபடி பார்க்கவில்லை.

2008-ல் ராம்கோபால் வர்மா தன் ‘பூங்க்’ படத்தைத் தியேட்டரில் தனியாக உட்கார்ந்து பார்ப்பவருக்கு ஐந்து லட்சம் என்று அறிவித்தார். அறிவிப்பைப் படித்துச் சிரித்தேன். தனியாகப் பார்ப்பது ஒரு பெரிய காரியமா? தனியாக வீட்டுக்குப் போகச் சொல்லியிருக்க வேண்டும்.

2012 அக்டோபரில் கார்த்திக் சுப்பராஜின் ‘பீட்சா’ வந்தபோது தொழிலைவிட்டு வெகு காலமாகியிருந்தது. இருந்தாலும் போய்ப் பார்த்தேன். சி.வி. குமார் தயாரிப்பு, அன்று அதிகம் தெரியாத விஜய் சேதுபதி, ஒரு வீடு, ஒரு டார்ச் லைட். பங்களாக் காட்சி முழுக்க அந்த டார்ச் வெளிச்சத்திலேயே நடக்கிறது. இருட்டுக்கு வாடகை இல்லை என்பதைப் புரிந்துகொண்ட பிள்ளை என்று நினைத்தேன். பேய் இருக்கிறதா, கட்டுக்கதையா என்பதையே கதையின் முடிச்சாக்கி, கடைசியில் இரண்டு தரப்பையும் திருப்திப்படுத்திவிட்டார். ‘யார் நீ?’ பார்த்துவிட்டு என்னோடு சண்டைக்கு வந்தவர் இருந்திருந்தால் சமாதானமாகியிருப்பார். அதன் வெற்றிக்குப் பிறகு ‘யாமிருக்க பயமே’, ‘டிமான்ட்டி காலனி’, ‘மாயா’ என்று வருஷத்துக்கு நாலைந்து பேய் வந்தது. வத்தலக்குண்டில் இப்போது பேய்ப்படம் என்றால் ராத்திரி ஆட்டம்தான் முதலில் நிரம்புகிறது. எல்லாரிடமும் பைக் இருக்கிறது. அந்தக் காலத்து வசூல் சீட்டைக் காட்டினால் இன்றைய மேனேஜர்கள் தலைகீழாக எழுதிவிட்டேன் என்பார்கள்.

சின்னச் செலவுப் படம் வெறும் புளியமரத்தில் பேயை ஏற்றியதைச் சொன்னேன். பெரிய செலவுப் படம் ஒன்று நேர்மாறாகவும் செய்தது. கொடைக்கானலில் தூண் பாறைக்குப் பக்கத்தில், வேர்கள் பின்னிக் கிடக்கும் சோலைக்கு அடியில், பாறை பிளந்து ஆழமாக இறங்கும் குழிகள் உண்டு. உள்ளேயிருந்து பனி புகை மாதிரி எழும்பும், வௌவால் நாற்றம் வரும். 1821-ல் லெப்டினன்ட் வார்டு இந்த மலையை அளந்து போன காலத்துக்குப் பின் வந்த வெள்ளைக்காரர்கள் அதைப் பிசாசின் சமையலறை என்றார்கள். பாண்டவர்கள் சமைத்த இடம் என்று நம்மூரிலும் ஒரு கதை. எது எப்படியோ, விறகு பொறுக்குகிறவர்கள்கூட அந்தப் பக்கம் ஒதுங்கியே போனார்கள். அது நல்ல ஏற்பாடு, விழுந்தால் பிணம்கூடக் கிடைக்காது.

1991 தீபாவளிக்கு ‘குணா’ வந்தது. சந்தான பாரதி இயக்கம், வேணு ஒளிப்பதிவு, கமல்ஹாசன். அதே நாளில் ‘தளபதி’ வேறு. எங்கள் பக்கத்தில் ‘தளபதி’ அள்ளிக்கொண்டு போனது, ‘குணா’ எதிர்பார்த்த அளவுக்கு ஓடவில்லை. ஆனால் படத்தில் வந்த அந்தக் குகையைப் பார்த்தே தீர வேண்டும் என்று ஜனங்கள் மலையேறத் தொடங்கினார்கள். பிசாசு குடியிருந்த வரைக்கும் யாரும் எட்டிப் பார்க்காத இடத்தில், படத்து நாயகி அபிராமியின் பெயரைப் பாறையில் கிறுக்குவதற்காகக் காதலர்கள் இறங்கினார்கள். சிலர் திரும்பவில்லை. கம்பி வேலி போட்டு உள்ளே போகத் தடை வந்தது. பேய்க்குப் பயந்து ஒதுங்கியவர்களின் பிள்ளைகள் வேலியைத் தாண்டிக் குதித்தார்கள்.

2006-ல் எர்ணாகுளத்துப் பக்கம் மஞ்சும்மலிலிருந்து வந்த நண்பர்களில் ஒருவர் அந்தக் குழியில் விழ, கூட வந்தவர்களில் ஒருவரே கயிற்றில் இறங்கி உயிரோடு தூக்கி வந்தார். 2024 பிப்ரவரியில் இயக்குநர் சிதம்பரம் அதை ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ என்று எடுத்தார். குகையின் உள்பகுதியைக் கேரளத்தில் செட் போட்டார்கள். உலகம் முழுக்க 200 கோடி ரூபாய்க்கு மேல் வசூல். தமிழ்நாட்டில் மட்டும் 50 கோடிக்கு மேல், அதுவும் மலையாளத்திலேயே, டப்பிங்கூட இல்லாமல். பேரனோடு போய்ப் பார்த்தேன். குழிக்குள்ளிருந்து குரல் கேட்கும் இடத்தில் தியேட்டரே மூச்சடக்கியது. மோகினி இல்லை, முனி இல்லை, வெறும் ஆழமும் இருட்டும். மறு வாரமே குகைக்குப் போக வேண்டும் என்று பேரனும் அவன் கூட்டாளிகளும் வேன் பேசினார்கள். போய்விட்டு வந்தவன் சொன்னான்: வேலிக்கு இந்தப் பக்கம் நின்று செல்ஃபி எடுக்கவே வரிசையாம், பக்கத்தில் சுண்டலும் சோளக்கதிரும் நல்ல வியாபாரமாம்.